மூன்று தட்டு

ஆஸ்பத்திரிப் படிவத்தில் பதினேழாவது கேள்வி இது: "உடன்பிறந்த ஆண்கள் யாருக்காவது இந்த நோய் வந்ததுண்டா?" நான் பேனாவை அழுத்திப் பிடித்து, "உடன்பிறந்தவர் யாரும் இல்லை" என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க எழுதியிருக்கீங்க?"

"உள்ளதத்தான் எழுதியிருக்கேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி கைப்பைக்குள் தேடுகிறாள் என்றால் என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதைப் போய்க் கிளற எனக்குத் தெம்பில்லை.

எல்லாம் அவளால் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், எந்தக் குறையும் இல்லாத என்னை ரத்தப் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். போகாவிட்டால் சமையலறைப் பக்கமே வரமாட்டேன் என்றாள். நான் வயிற்றுக்குப் பயந்தவன், போனேன். புராஸ்டேட் சுரப்பியில் ஏதாவது கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஒரு எண் ஏறுமாம். முதல் வருடம் மூன்று சொச்சம். அடுத்த வருடம் ஐந்தைத் தொட்டது. இந்த வருடம் ஏழே முக்கால். "ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம், அதுல சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா ஊசி வச்சுச் சதை எடுப்போம்" என்று மருத்துவர் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. அவர் படிவத்தை வாங்கி, கிழிந்த இடத்தைப் பார்த்து, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

நான் எழுதியது பச்சைப் பொய். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். இரண்டு வயது மூத்தவன். நடந்து போனால் இருபத்தைந்து நிமிடத்தில் அவன் வீடு. ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் சண்டை புரியும். சுவருக்குள் ஓடும் குழாயில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. கூரையில் ஈரம் தெரியும், ஓட்டை வேறெங்கோ இருக்கும். நான் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பேன். தண்ணீர் சீறும் சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே சுவரில் பதித்த ஒரே ஒரு ஓடு. அதை உடைத்தால் போதும். அண்ணனுக்கு இது சரிப்படாது. அவனுக்குச் சின்ன வயதிலேயே இடது காது போய்விட்டது, வலது காதும் அரைகுறை. அதனால் அவன் சுவரை அளந்து, வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சின்னதாகத் துளை போட்டு விரலை விட்டுப் பார்ப்பான். பன்னிரண்டு துளைகூடப் போடுவான். வீட்டுக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் தேடிக் கண்டுபிடிக்காமல் விட்ட சுவர் என்று ஒன்று கிடையாது.

வேலை நடக்கும்போது ஒருவன் சுவரடியில் இருப்பான், மற்றவன் மாடியில் வால்வடியில் இருப்பான். அண்ணனுக்குக் கத்தினால் கேட்காது. அதனால் குழாயில் ஸ்பேனரால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் தண்ணீரை மூடு. இரண்டு என்றால் திற. மூன்று என்றால் கண்டுபிடித்தாயிற்று, வா. அண்ணன் குழாயை உள்ளங்கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான், அதிர்வு அவன் கைக்கு வந்துவிடும். எது வந்தாலும் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டவேண்டும். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பதில் வராமல் நான் ஓட்டில் கைவைத்ததே இல்லை.

அப்புறம் அந்த வீடு வந்தது. பெரிய வீடு, புதுக் குளியலறை. நான் காது வைத்துக் கேட்டு, இதுதான் இடம் என்று மூன்று தட்டுத் தட்டினேன். அண்ணன் இறங்கி வந்தான். உடைத்தோம். சுவர் சருகாக உலர்ந்திருந்தது. வீட்டுக்காரர் முறைத்தார். அண்ணன் பென்சிலை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தான். எனக்கு மானம் போய்விட்டது. "இவருக்குக் காதா இருக்கு? சுத்தியல்தான் இருக்கு. வீட்டையே இடிச்சுட்டுத்தான் போவாரு" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவன் வலது பக்கம் நின்று சொன்னேன். கேட்கவேண்டும் என்றே சொன்னேன்.

ஏழாவது துளையில் தண்ணீர் பீறிட்டது. அண்ணன் அதை அடைத்துச் சரிசெய்து, துளைகளைப் பூசி, தரையைத் துடைத்து, தன் சாமான்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனான். அதோடு சரி. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்பதால்தான் வரவில்லை. அவன்மேல் தப்பிருந்தால் மறுநாளே போய் மன்னித்திருப்பேன், நான் அப்பேர்ப்பட்ட பெருந்தன்மைக்காரன்.

அதன்பிறகு தனியாளாகத்தான் வேலை. சுவரடியில் கேட்டுவிட்டு, மூன்று மாடி ஏறி வால்வை மூடி, மறுபடி இறங்கி வருவேன். ஆட்களை வைத்துப் பார்த்தேன். எவனும் பதில் தட்டமாட்டான். கேட்டால், "மூடிட்டேனே, அப்புறம் எதுக்கு தட்டணும்?" என்பான். இப்படிக் கேட்கிறவனிடம் என்னத்தைச் சொல்ல. சில நாள் யாருமில்லாத வீட்டில் வேலை முடிந்ததும் குழாயில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். வெட்கம்கெட்ட வேலைதான். இருந்தும் நின்றேன்.

அவன் தெருவழியாகப் போவதற்கு எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் வாரம் இரண்டு தடவை போய்விடுவேன். மாடிக் கொடியில் அவனுடைய நீல வேலைச் சட்டைகள் காயும். ஆள் இருக்கிறான், வேலை செய்கிறான் என்று தெரிந்துகொண்டு நடையைக் கட்டுவேன். மூன்று வருடமாக அந்தச் சட்டைகளைக் காணோம். படுக்கை விரிப்புகளாகக் காய்ந்தன. வேலையை விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறான் போலிருக்கிறது, கொடுத்துவைத்தவன் என்று பொறாமைப்பட்டேன். எங்கே ஈரம் கண்டாலும் காரணம் தேடுகிற புத்தி, அந்தக் கொடியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்கேனுக்குப் போன காலையில், மோதிரம், சாவி, இடுப்பு வார் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "கண்ணுல இரும்புத் தூள் ஏதும் பட்டிருக்கா ஐயா?" என்று கேட்டான் எம்.ஆர்.ஐ. எடுக்கிறவன். "வாழ்க்கையிலயே பட்டிருக்கு, கண்ணுல படல" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கையில் ஊசி குத்தி, காதில் சத்தம் தடுக்கும் மூடியை மாட்டி, அசையாமல் படுக்கச் சொல்லி, அந்தக் குழாய்க்குள் தள்ளிவிட்டான். ஆயுள் முழுக்கக் குழாயை வெளியிலிருந்து பார்த்தவன், அன்றைக்கு உள்ளே கிடந்தேன்.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் ஒரு இரைச்சல். பிறகு அமைதி. பிறகு கணீரென்று டக், டக், டக்.

மூன்று. அப்புறம் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், அது இயந்திரம் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் குழந்தையில்லை. ஆனால் கைக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடமாகப் பதில் கிடைக்காமல் கிடந்த கை, பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்ததும் தானாக எழுந்து, படுக்கையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டியது. மறுபடி டக், டக், டக். மறுபடி தட்டினேன். முழங்கை அசைந்தது, தோள் அசைந்தது, இடுப்பும் அசைந்திருக்கும்.

"ஐயா, அசையாதீங்க. படம் கலங்குது" என்றது காதுக்குள் குரல்.

"சரி தம்பி."

மறுபடி மூன்று வந்தது. மறுபடி கை போனது. படுக்கை வெளியே வந்தது. அவன் உள்ளே வந்து நின்றான்.

"பயமா இருக்கா ஐயா? பயமா இருந்தா சொல்லுங்க, தப்பில்ல."

"பயமெல்லாம் இல்ல. யாரோ தட்டுறாங்க, பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். இந்தக் கிழவனுக்கு ஸ்கேன் எடுக்கவேண்டியது கீழே இல்லை, மேலே என்று நினைத்திருப்பான். என் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கோத்துவைத்து, மேலே ஒரு பட்டையைக் கட்டினான். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மூன்று மூன்றாக வந்துகொண்டே இருந்தது, நான் கட்டுண்டு கிடந்தேன். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து அந்த மூடிக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. அண்ணே, அண்ணே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை, நோய்கூட நினைவில் இல்லை.

படத்தில் இடது பக்கம் ஒரு கருமையான பொட்டு தெரிந்தது. சந்தேகத்துக்கு ஐந்து மதிப்பெண் என்றால் இதற்கு நான்கு என்றார் மருத்துவர். அடுத்த வாரம் சதை எடுக்க நாள் குறித்தார்கள்.

அந்த அறையில் காலை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மானம் மரியாதையை எல்லாம் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்தாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆசனவாய் வழியாக ஒரு கருவியை வைத்தார்கள், எதிரே திரையில் சுரப்பி தெரிந்தது. அதன்மேல் எம்.ஆர்.ஐ. படத்தைப் பொருத்தி, பொட்டு இருந்த இடத்தைச் சிவப்பு வட்டமாகக் காட்டினார் மருத்துவர். எனக்கு ஒரே ஆச்சரியம். உடைக்காமலே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் வழிதான் என்று ஒரு கர்வம்கூட வந்தது, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது.

"இந்த வட்டத்துக்குள்ள மூணு எடுப்பேன். அப்புறம் சுத்தி வரிசையாப் பன்னெண்டு" என்றார்.

"இடந்தான் தெரிஞ்சு போச்சே டாக்டர். அப்புறம் எதுக்கு சுத்தி உடைக்கிறீங்க?"

"உடைக்கலீங்க. ஊசியாலதான் எடுக்கப் போறேன்."

"அதத்தான் கேக்கறேன்."

"படத்துல தெரியாம ஒளிஞ்சுக்கிறதும் உண்டு ஐயா. படத்த மட்டும் நம்பிப் பக்கத்துல இருக்கிறத விட்டுட்டா, நாளைக்கு உங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

டப் என்று ஒரு சத்தம், உள்ளே சுருக்கென்று ஒரு இழுப்பு. மூன்று முடிந்தது. பிறகு வரிசையாக. ஒன்று, இரண்டு என்று நர்ஸ் எண்ணிச் சொல்லிச் சின்னச் சின்னப் புட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தக் குளியலறை கண்ணில் வந்தது. பென்சில் புள்ளிகள், அண்ணனுடைய குனிந்த பிடரி, சுண்ணாம்புத் தூள் படிந்த நீலச் சட்டை. அவன் அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. மருத்துவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"புற்றுநோய்தான் ஐயா. ஆனா சுரப்பிக்குள்ளயே இருக்கு, வெளிய எங்கயும் போகல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. குணப்படுத்திடலாம்." அவர் தாளில் விரலை வைத்தார். "வட்டத்துக்குள்ள எடுத்த மூணுல ரெண்டுல இருக்கு. இன்னொண்ணு, சுத்தி எடுத்ததுல ஒம்பதாவது. வலது பக்கம். படத்துல அங்க ஒண்ணுமே தெரியல. அதையும் பாத்ததாலதான் ரெண்டு பக்கமும் சேத்து வைத்தியம் பண்ணப் போறோம்."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் படிவத்தைப் புரட்டினார்.

"அண்ணன் தம்பி யாரும் இல்லைனு எழுதியிருக்கீங்க. இருந்திருந்தா அவங்களையும் உடனே பாக்கச் சொல்லியிருப்பேன். இது குடும்பத்துல வர்றதுண்டு."

எனக்கு வந்தது குணமாகும் என்று சொல்லியாயிற்று. அவனுக்கு? அவன் சொரணை கெட்டவன். காலில் ஆணி ஏறினாலும் வேலை முடிந்துதான் பார்ப்பான்.

"இருக்காரு டாக்டர்" என்றேன். "ஒரு அண்ணன் இருக்காரு. கோவத்துல அப்படி எழுதிட்டேன். இன்னிக்கே போய்ச் சொல்றேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்."

மனைவி கைப்பையைத் திறக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"அவருக்கும் இதேதான். மூணு வருஷமாச்சு. முதுகு வலின்னு கடைசியிலதான் போயிருக்காரு. எலும்புல இறங்கிருச்சு. ஊசி போட்டுட்டு இருக்காங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெரிஞ்ச அன்னிக்கே அவரு வீட்டு அக்காவ என்கிட்ட அனுப்பினாரு. தம்பிய வருஷம் தவறாம ரத்தம் பாக்கச் சொல்லு, என் பேரச் சொன்னா வீம்புக்குப் போகமாட்டான், அதனால சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"மாசா மாசம் தோழி வீட்டுக்குன்னு போனியே?"

"அந்தத் தோழிதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. என் பேரைச் சொன்னால் போகமாட்டான் என்று எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறான். போயிருக்கமாட்டேன். என் உயிரைக் காப்பாற்ற என் வீம்புக்கும் சேர்த்து வழி பார்த்திருக்கிறான், வரிசையாகப் புள்ளி வைத்து, வருடம் ஒன்றாக. மருத்துவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போனோம். அண்ணி கதவைத் திறந்தார். முதலில் என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை. ஒதுங்கி வழிவிட்டார். "முழிச்சுத்தான் இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

இரும்புக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது, நான் வந்தது அவனுக்குக் கேட்டிருக்காது. அந்த அகன்ற முதுகு பாதியாகியிருந்தது. பெட்டியில் கிடந்த மடிப்போடு பழைய நீலச் சட்டை போட்டிருந்தான், அதில் இரண்டு பேர் நுழையலாம். இடது கை மட்டும் பழைய வழக்கத்தில் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. பையில் கைவிட்டேன், வீட்டுச் சாவி கிடைத்தது. கால்மாட்டுக் கம்பியில் தட்டினேன்.

டக், டக், டக்.

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் கம்பியை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன். பிறகு அவன் விரல்கள் கம்பியிலிருந்து மெல்ல எழுந்தன. மோதிரம் கம்பியில் பட்டது. ஒரே ஒரு தட்டு, என் கைக்கு வந்து சேர்ந்தது.

திரும்பாமலேயே கேட்டான்.

"இந்தத் தடவையாவது சரியான இடமாடா?"

நான் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய் மண்டியிட்டேன். அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வலது காதைக் காட்டினான்.

"அன்னிக்கு நான் தட்டுனது தப்பு அண்ணே. நான் பேசுனதும் தப்பு." அவனுக்குக் கேட்கவேண்டுமே என்று சத்தமாகத்தான் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும். "எனக்கு ஒண்ணு உன் வழியிலதான் கிடைச்சுது. ஒம்பதாவதுல."

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு கம்பியைப் பிடித்து, வலியோடு உடம்பை இழுத்து, நான் உட்காரக் கட்டிலில் இடம்விட்டு நகர்ந்து படுத்தான்.